கெளம்பு, கௌரவம்

என் கணவர் "படிச்சது போதும்மா" என்று சொன்ன சாயங்காலம், எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன். சத்தம் வந்த பக்கம் அவர் திரும்பினார்.

"எதுக்கு இப்போ போதுங்கிறீங்க? கதை பாதியில நிக்குது" என்றேன்.

"நீ நல்லாத்தான் படிக்கிற. எனக்கோசரம் தொண்டையக் காயவச்சிக்கினு தினம் உக்காந்திருக்க. வேணாம். இத்தினி வருசம் படிச்சதே போதும்."

நல்லாத்தான் படிக்கிறேன் என்று அவர் சொன்னது மரியாதைக்கு. நான் வேகமாகப் படிப்பேன். கதையில் எவனாவது அசட்டுத்தனம் செய்தால் நிறுத்திவிட்டு அவனைத் திட்டுவேன். ஒருதடவை கதையில் வந்த ஒரு மாமியாரோடு நான் போட்ட சண்டையில் குக்கர் விசிலை மறந்து பருப்பு கூழாகிவிட்டது. அவர் அதையெல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அவருக்குப் படிப்பது என்பது அதுவல்ல. தன் வேகத்தில் போகவேண்டும், பிடித்த வரியில் நிற்கவேண்டும், பிடிக்காத பக்கத்தைத் தாண்டவேண்டும். இன்னொருத்தர் வாய் வழியாக வந்தால் அது அவருக்குப் படிப்பாக இல்லை.

மைன்ஸில் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்த்தவர். சேத்தியாத்தோப்புக்காரர். நான் விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்த புதிதில் அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது, என் கோபத்தில் பாதி அவருக்குப் புரியாது. ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினால் புத்தகம், இறங்கினால் புத்தகம் என்று இருந்த மனிதர். கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய் வலியே இல்லாமல் வந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். இருந்ததும் நிற்கவில்லை. இப்போது வெளிச்சம் தெரியும், ஜன்னல் எது சுவர் எது என்று தெரியும், அவ்வளவுதான். பகல் வேலைக்கு மாற்றி, டெலிபோன் எடுக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. எதற்கும் சுளிக்கவில்லை. அதனால்தான் "படிச்சது போதும்" என்ற வார்த்தையை என்னால் சும்மா விடமுடியவில்லை. படிப்பையே விட்டவர் அடுத்து எதையெல்லாம் விடுவாரோ என்று பயந்தேன்.

எனக்குப் பயம் வந்தால் அது வெளியே கோபமாகத்தான் வரும்.

"பாத்துக்கிட்டே இருங்க. உங்களை மறுபடி படிக்க வைக்கலைன்னா நான் என்னன்னு கேளுங்க" என்றேன்.

"உனக்கு வேற வேலை இல்ல" என்றார்.

வேறு வேலை இருந்தது. குவார்ட்டர்ஸின் பின் அறையில் உட்கார்ந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகளுக்கு பில் போடுகிற மென்பொருள் எழுதித் தருகிறேன். செல்போன் சமாச்சாரம் இல்லை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருக்குமே ஒரு கம்ப்யூட்டர், அதில் ஓடுவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நான் கணக்கோடு மல்லுக்கட்டுவதாக நினைக்கிறார்கள். கணக்கு சாது. கூட்டினால் கூடும், கழித்தால் கழியும். நான் மல்லுக்கட்டுவது எழுத்தோடு. "ஏம்மா, தமிழ் வரலம்மா" என்பதுதான் எனக்கு வருகிற போன்களில் பாதி. ஒருவர் கடையில் கட்டம் கட்டமாக வரும், இன்னொருவர் கடையில் வாடிக்கையாளர் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக அச்சாகும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எல்லாருமாகச் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால்தான் ஒரு கடையில் அடித்த பெயர் இன்னொரு கடையில் அதே பெயராகத் தெரியும். அந்த உடன்படிக்கை தமிழுக்கு ஒழுங்காக வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எம், திரையில் தெரிவது அ. பார்க்கிறவர் கண்ணுக்குக் குறை இல்லை. அந்தச் சட்டை, அதாவது அந்தப் பழைய எழுத்துரு, இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால்தான் குட்டு உடையும்.

என் கணவர் விஷயத்தில் குட்டு உடைந்தது இப்படி. திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. பார்வை இல்லாதவர்கள் அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள். அதை அவருடைய கம்ப்யூட்டரில் போட்டேன். என்ன படிக்கக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் அவருடைய ஷிஃப்ட் சிநேகிதர்களும் பல வருடங்களாக ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பத்திரிகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாகர்கோவில்காரர் ஒருவர், கோயம்புத்தூர்காரர் ஒருவர், மதுரைக்காரர் ஒருவர், எல்லாரும் கதை எழுதித் தாளாகக் கொடுப்பார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் போட்டு, ஷிஃப்ட் பஸ்ஸில் விடுவார். அத்தனை இதழும் அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதைவிட நல்ல தொடக்கம் எது என்று ஒன்றைத் திறந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

குரல் ஏதோ மாவை வாயில் அடக்கிக்கொண்டு உளறியது. ஒரு வார்த்தை புரியவில்லை.

"அம்புக்குறிய அழுத்தி ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்லு" என்றார் அவர்.

அழுத்தினேன். "எம். கே. செமிகோலன். கே. எச்" என்றது குரல்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். சட்டைக்குள் இருந்த ஆங்கிலத்தை அது சட்டையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நான் அதே வியாதிக்கு ஊரெல்லாம் மருந்து விற்கிறவள்.

"அம்மா" என்றார் அவர்.

என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து "என்னங்க" என்றேன்.

"இல்ல, அது சொன்னது 'அம்மா'. எம்முன்னா அ. கேன்னா ம. செமிகோலன் புள்ளி. எச்சுன்னா கால். என் கையால அடிச்சதாச்சே, எனக்குத் தெரியாதா."

பிறகு அவரே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவிட்டு, மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு போனார். ஒரு வாக்கியத்தைக் கடப்பதற்குள் நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நெற்றி வேர்த்திருந்தது. முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. அந்த ஆசையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. படிச்சது போதும் என்று சொன்ன வாய் பொய் சொல்லியிருக்கிறது.

"இதெல்லாம் ஒரு படிப்பா? எந்திரிங்க. ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.

பழைய எழுத்துருவை இப்போதைய உடன்படிக்கைக்கு மாற்றும் நிரல் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. காடாம்புலியூரில் முந்திரி மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவருக்காக எழுதியது. அவர் புது கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழைய சரக்குப் பெயர்களையெல்லாம் அதை வைத்துத்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்த நிரலில் பத்திரிகைக் கோப்புகளைப் போட்டேன். திரையில் எல்லாம் அழகான தமிழாக வந்து நின்றது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

குரல் வாயைத் திறக்கவில்லை. உளறலும் இல்லை, சுத்த மௌனம்.

"என்னாச்சி, உன் ஆளு கோவிச்சிக்கினாங்களா?" என்றார்.

காரணம் சின்னது. கம்ப்யூட்டருக்கு ஊர், மொழி என்று ஓர் அமைப்பு உண்டு. எங்கள் தொழிலில் லொகேல் என்போம். நீ எந்த ஊரில் இருக்கிறாய், உன்னிடம் பேசுகிறவர்கள் என்ன மொழிக்காரர்கள், தேதியை எப்படி எழுதுவார்கள் என்பதை அதற்குச் சொல்லிவைக்கும் இடம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தன்னை அமெரிக்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. வாங்கிய நாள் முதல் யாரும் அதை மாற்றவில்லை. அமெரிக்கக் குரலுக்குத் தமிழ் எழுத்து வந்தால் சத்தமே வராது. தமிழ்க் குரலை இறக்கி, இந்தக் கோப்புகள் தமிழ் என்று சொல்லிவைத்தேன்.

இந்தத் தடவை ஒரு பெண் குரல் நிதானமாக ஆரம்பித்தது. "மழை விட்ட பிறகும் சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பது நிற்கவில்லை."

நாகர்கோவில்காரர் எழுதிய கதை. என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த வரி வந்தது, அதற்கடுத்த வரி வந்தது. எனக்கு நானே ஒரு சக்களத்தியைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன் என்று அன்றைக்குச் சிரித்தேன். உள்ளே லேசாகப் பொறாமையும் இருந்தது. அதை மறைப்பானேன்.

சந்தோஷம் அடுத்த கதைவரைக்கும்தான் நீடித்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு நடக்கிற கதை. தலைப்புக்குக் கீழே இவர் மூன்று, கோடு, எட்டு என்று தேதி அடித்திருந்தார். குரல் அதை மார்ச் எட்டு என்று படித்தது.

"ஏம்மா, மார்ச் மாசத்துல ஆடிப்பெருக்கு வருதா உன் கம்ப்யூட்டர்ல?"

மொழியைத் தமிழாக்கினேனே தவிர, தேதியை, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டிருந்தேன். அதையும் மாற்றினேன். அது ஒரு நிமிஷ வேலை. கதை தொடர்ந்தது. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, பெண்கள் படித்துறைக்குப் போகிறார்கள். அப்போது குரல் "வவ்லாறு" என்பதுபோல ஒன்றைச் சொன்னது.

அவர் நிறுத்தினார். திரும்பச் சொல்லவிட்டார். மறுபடியும் அதே "வவ்லாறு".

"என்னா எழுதியிருக்குது அங்க?"

நான் திரையைப் பார்த்தேன். "வெள்ளாறுன்னுதான் இருக்கு. சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா அது ஏன் அப்படிச் சொல்லுது? எங்க ஊர் ஆத்துப் பேரையே கொன்னுட்டியேம்மா."

"நான் என்னத்தைக் கொன்னேன்? குரலுக்குத் தமிழ் சரியா வரலை. அது எங்கயோ ஆபீஸ்ல உக்காந்து செஞ்சது. நான் என்ன பண்ண?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார். "வெளியே" என்பது "வவ்யே" மாதிரி வந்தது. "தெளிவு" நாக்கில் தடுக்கி விழுந்தது. "வெள்ளம்", "வெள்ளாமை", "நெளிஞ்சான்" எல்லாம் நாசம். "நல்லா", "பள்ளம்", "கேள்வி" எல்லாம் சுத்தமாக வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கிவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஒத்தக்கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னாடி ள வந்தாத்தான் இது தடுக்குது. மத்த இடத்துல ஒண்ணும் பண்ணல."

எனக்கு உறைத்ததற்குக் காரணம் அவர் சொன்னது மட்டுமில்லை. அதற்கு முந்தின வாரம் காடாம்புலியூர் பாய் போன் செய்திருந்தார். "ஏம்மா தங்கச்சி, வெள்ளை முழுசு காணோம்மா" என்றார். வெள்ளை முழுசு என்பது உடையாத முழு முந்திரிப் பருப்பு. "சரக்கு வரிசையில கண்ணுக்குத் தெரியுது. பேர் அடிச்சுத் தேடினா இல்லேங்குது."

"நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க பாய்."

"வெள்ளையில தப்பா அடிக்க என்னம்மா இருக்கு? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு பாக்க?"

நான்தான் பிடிவாதமாக இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள் என்று போனை வைத்திருந்தேன்.

இப்போது நிரலைத் திறந்து, வெள்ளாற்றின் உள்ளே இருக்கும் எண்களைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஔ வரிசை எழுத்தைத் தமிழில் எப்படி எழுதுவோம்? முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ள மாதிரி ஒரு அடையாளம். அந்த ளவைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் விரலை மடக்கிப் பழக்குவார்கள். பழைய எழுத்துருவைச் செய்தவர்கள் சின்ன ளவுக்குத் தனி இடம் தரவில்லை. ளவும் அதுவும் ஒரே விசை. அதனால் கௌரவத்தில் வருகிற கௌவும், கொம்பு போட்ட கெவுக்குப் பின்னால் ள வருவதும் உள்ளே ஒன்றேதான். என் நிரல் கொம்பையும் ளவையும் எங்கே பார்த்தாலும் சின்ன ள என்று முடிவுகட்டிவிட்டது. வெள்ளாற்றில் வெவும் ள்ளும் போய், ஒரு வௌவும் அதன் தலையில் ஒரு அநாதைப் புள்ளியும் உட்கார்ந்திருந்தன. என் திரையில் அது அச்சு அசல் வெள்ளாறாகவே தெரிந்தது. பாயின் வெள்ளை முழுசும் அப்படித்தான். கண்ணுள்ளவர்கள் நாங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடாது. தமிழ் எழுதுகிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் வர வாய்ப்பில்லாத தப்பு.

"உங்க காதுதான் கண்டுபிடிச்சுச்சு" என்று அவரிடம் சொன்னேன்.

"அப்போ எனக்கு எத்தினி சம்பளம்?" என்றார்.

ஒரு வைத்தியம் சுலபமாகக் கிடைத்தது. ளவுக்கு மேலே புள்ளியோ, அதற்குப் பிறகு ளியில் வருகிற விசிறியோ ளாவில் வருகிற காலோ வந்தால் அது பெரிய ளவாகத்தான் இருக்கமுடியும். சின்ன ளவுக்கு யாரும் புள்ளி வைக்கமாட்டார்கள். இந்த ஒரு விதியில் வெள்ளாறு ஓட ஆரம்பித்தது, வெளியே வெளியே வந்தது, பாயின் வெள்ளை முழுசும் தேடினால் கிடைத்தது. பாய்க்குப் போன் செய்து, "தப்பு உங்க பேர்ல இல்ல பாய்" என்றேன். "அல்ஹம்துலில்லா, நான் எனக்குத்தான் தமிழ் மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்" என்றார்.

விதி கிடைத்த தெம்பில் மதுரைக்காரர் கதையைத் திறந்து வைத்தேன். முழுக்க முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதுகிறவர். முதல் பத்தியிலேயே ஒரு ஆள் இன்னொரு ஆளை ஷிஃப்ட்டுக்கு எழுப்புகிறான்: "கெளம்பு, சங்கு ஊதிட்டான்." குரல் அதை "கவும்பு, சங்கு ஊதிட்டான்" என்றது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. "கவும்பு" என்று தானும் ஒருதடவை சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடத்தில் விதி எடுபடாது. கெளம்பில் ள சும்மா நிற்கிறது, புள்ளி இல்லை, குறி இல்லை. கௌரவத்திலும் அப்படியே. ஒன்று பெரிய ள, மற்றது சின்ன ள. எழுத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, தமிழ் பேசுகிற ஆளுக்குத்தான் தெரியும். விளக்கை வெளக்கு என்றும், விளையாட்டை வெளயாட்டு என்றும் இந்த மனுஷர்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்திருந்தார்கள். அதே பக்கத்தில் சௌகரியமும் பௌர்ணமியும் மௌனமும் இருந்தன. எல்லாவற்றையும் பெரிய ள ஆக்கினால் பௌர்ணமி பாழாகும். சின்ன ள ஆக்கினால் ஒருத்தனும் வேலைக்குக் கிளம்பமாட்டான்.

நானே ஒவ்வொன்றாகத் தேடித் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் இதழிலேயே தோற்றேன். என் கண் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. கௌம்பு என்று இருந்தாலும் கெளம்பு என்றே படிக்கிறது. திருத்தினேன் என்று நினைத்த பக்கத்தில் குரல் மூன்று இடத்தில் தடுக்கியது.

"அத என்னாண்ட குடு" என்றார் அவர்.

"உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

"கஷ்டமா? எனக்குக் காது இருக்குது, பொழுது இருக்குது. உனக்கு ரெண்டும் இல்ல."

காது இல்லை என்றதற்குச் சண்டை போட்டிருக்கவேண்டும். விட்டுவிட்டேன். அவருக்காக இரண்டு விசையை ஒதுக்கிக் கொடுத்தேன். ஒன்று சின்ன ள, ஒன்று பெரிய ள. விரல் தடவினால் தெரிய, பெரிய ள விசைமேல் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். குரல் தடுக்குகிற வார்த்தையில் நிறுத்தி அவர் விசையை அழுத்துவார். வார்த்தை மாறும், குரல் திரும்பச் சொல்லும். சரியாக வந்தால் மேலே போவார். ஒருதடவை அவர் தீர்ப்புச் சொன்ன வார்த்தையை நிரல் ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த இதழ்களில் தானே திருத்திக்கொள்ளும்.

டெலிபோன் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் பின் அறையில் பில்லோடு போராடிக்கொண்டிருப்பேன். முன் அறையிலிருந்து அந்தப் பெண் குரல் எதையாவது கடித்துத் துப்புவதும், விசை தட்டுவதும், திருத்திச் சொல்வதும் கேட்டபடி இருக்கும். நடுவில் இவர் கூவுவார். "ஏம்மா, மௌசு சின்ன ளவா பெரிய ளவா?" மௌசு என்றால் கிராக்கியா, கம்ப்யூட்டரில் பிடித்து இழுக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் சின்ன ள என்று அவரே முடிவு செய்வார். கடைக்குப் போகிற நேரத்தில் வாசலில் நின்று, "நான் கவும்பட்டுமா?" என்று கேட்பேன். "சீக்கிரம் கவும்பு" என்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா இதைக் கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆனால் இதைப் படிப்பு என்று நான் ஏமாறவில்லை. இது வேலை. அவர் வார்த்தை வார்த்தையாகத் தப்புத் தேடிக்கொண்டிருந்தார். கதை அவருக்குள் போகவில்லை. தப்பு தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்கு உள்ளூரக் கவலைதான். வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, மறுபடியும் போதும்மா என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? எனக்கு வேறு வித்தை தெரியாது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"திருத்தி முடிச்சதும் படிப்பீங்கதானே?"

"பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

கடைசி இதழையும் திருத்தி முடித்தார். எனக்குச் சொல்லவில்லை. குரல் தடுக்காமல் போவதைப் பின் அறையிலிருந்து கவனித்து நானே தெரிந்துகொண்டேன். மறுநாள் ஒரு ஹெட்போனை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். பில் எழுதும்போது உங்கள் ஆள் பேச்சு எனக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொன்னேன். கையால் தடவிப் பார்த்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் காப்பி கலந்துவிட்டு, சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். "என்னங்க, காப்பி."

பதில் இல்லை.

"என்னங்க."

அதற்கும் இல்லை. ஈரக் கையோடு முன் அறைக்கு ஓடினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. விரல் அம்புக்குறிமேல் இருந்தது. திருத்துகிற விசைகளின் பக்கம் அந்த விரல் போகவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தினார், ஒரு வரி பின்னால் போனார், அதையே மறுபடி கேட்டார். உதடு லேசாக அசைந்தது. யாரோ எழுதின ஏதோ ஒரு வரி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

கண் நன்றாக இருந்த காலத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இவரை எழுப்ப ஆள் வேண்டும். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவேன். இந்தச் செவிட்டு மனுஷனுக்கா என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள் என்று எங்கம்மாவிடம் போனில் அழுதிருக்கிறேன். கண் போனபிறகு ஒரே குரலுக்குப் பதில் வந்துவிடும். எந்நேரம் கூப்பிட்டாலும், எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாலும், "சொல்லும்மா" என்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காகூட, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று மெச்சினார். யாராவது கூப்பிடமாட்டார்களா என்று சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் பதில் வரும். அந்த "சொல்லும்மா"வைக் கேட்கும்போதெல்லாம், பழைய செவிட்டு மனுஷனே தேவலை என்று இருக்கும்.

இப்போது ஒரு கை தூரத்தில் நிற்கிறேன், மனுஷருக்கு நான் வந்ததே தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் மேசை அதிர்வுக்குத் திரும்பிவிடுவார். சமையலறைக்குப் போய் இரண்டு காப்பியையும் நானே குடித்தேன்.